தலைத்துணியைத் தாண்டியவள்

நம் ஊர் சக்வீராவில் ஒரு வாள் இருக்கிறது. இன்று உயிரோடு இருக்கிற எந்த ஆணும் அதைப் பார்த்ததில்லை. ஊருக்குக் கீழே, ஆற்றை ஒட்டிய சரிவில் இருக்கும் ஒதுக்குக் குடிலின் உள்சுவரில் அது தொங்குகிறது. மாதத்தில் சில நாளும் பிள்ளை பெற்றால் நாற்பது நாளும் நம் பெண்கள் போய்க் கிடக்கிற இடம் அது. ஆண்கள் அந்தத் திசையில் தலையைக்கூடத் திருப்ப மாட்டார்கள். குடிலுக்கு நாற்பது தப்படி முன்னால் ஒரு வெள்ளைக்கல் நிற்கிறது. அதற்கு அப்பால் கோயில் சாமியின் பார்வையும் வராது என்பார்கள்.

இந்த ஹெவ்சூர் மலையில் வாள்களுக்குப் பாட்டு உண்டு. எந்த வாள் எந்தக் கணவாயில் யாரை வெட்டியது, எந்த எலும்பில் பட்டு முனை மழுங்கியது என்றெல்லாம் பார்லி பீரைக் குடித்துவிட்டுப் பாடுவார்கள். கேட்டால் இந்த மலையில் சும்மா இருந்த ஆண்பிள்ளையே கிடையாது என்று தோன்றும். இந்த வாளுக்கு மட்டும் பாட்டு இல்லை. பாடுகிறவர்கள் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் பாடக் கூடாது. அதனால் சாந்துவாவின் கதையை இப்படி வெறும் பேச்சாகச் சொன்னால்தான் உண்டு.

சாந்துவாவைப் பார்த்தால் யாருக்கும் வாள் ஞாபகம் வராது. குள்ளம். கொஞ்சம் கூன் போட்டு நடப்பாள். இடக்கைக்காரி. சிறுமியாக இருந்தபோது அந்தக் கையைக் கம்பளி நூலால் இடுப்போடு கட்டிப்போட்டுப் பார்த்தார்கள், பழக்கம் போகவில்லை. அரிவாளை இடக்கையில் பிடித்துப் புல் அறுப்பாள். பக்கத்தில் நிற்கிறவர்கள் விலகிக்கொள்வார்கள். கல்யாணமாகி வந்ததும் கணவன் கமிகேலாவின் சட்டைத் தோளில் சிலுவை வரிசை தைத்துக் கொடுத்தாள். தையலெல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

"எங்க அண்ணன் தோள்ல இருக்கிற சிலுவையெல்லாம் குடிச்சுட்டு நிக்குதே மதனி, யாரு ஊத்திக் கொடுத்தது?" என்றாள் நாத்தனார் நனுக்கா. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.  கமிகேலா அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே ஊர்க்கூட்டத்துக்குப் போனான்.

அவன் பேசாத மனிதன். நம் வழக்கப்படி கணவனும் மனைவியும் ஒருவர் பெயரை ஒருவர் சொல்வதில்லை. அவனோ மற்ற வார்த்தைகளிலும் சிக்கனம். "இந்தா", "கேளு", "வரேன்". அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பையன்கள் முற்றத்தில் சிறு கேடயமும் மொட்டை வாளும் வைத்துக்கொண்டு விளையாட்டுச் சண்டை போடும்போது, சாந்துவா கூரையில் உட்கார்ந்து கம்பளி சிக்கெடுத்துக்கொண்டே பார்ப்பாள். அடுத்த வீச்சு எங்கே விழும் என்று விழுவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். அவளுடைய இடது தோள் தானாகத் துடித்து அடங்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இடக்கை என்றாலே அவலட்சணம் என்று முகம் சுளிக்கிற ஊரில் இதைப் போய் யாரிடம் சொல்வது?

இந்த மலையில் இரண்டு ஆண்கள் வாளை உருவிவிட்டால் அப்பன் சொன்னாலும் நிறுத்த மாட்டார்கள், கோயில் பெரியவர் சொன்னாலும் நிறுத்த மாட்டார்கள். ஒரு பெண் தன் தலைத்துணியை அவிழ்த்து இருவருக்கும் நடுவே போட்டால் நிறுத்துவார்கள். அது யாராக இருந்தாலும், ஏழெட்டு வயதுப் பெண்ணாக இருந்தாலும் சரி. துணி தரையில் விழுந்ததும் வாள் இறங்கியாக வேண்டும். அப்புறம் சண்டைக்காரர்களில் ஒருவன் அந்தத் துணியை எடுத்து, நான்காக மடித்து, அவளிடம் கொடுக்க வேண்டும். துணியைத் தாண்டியவன் மனிதனே இல்லை. அவனுக்கு நெருப்புக்கூடத் தர மாட்டார்கள். சண்டைச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்த் துணியைப் போட வேண்டியது பெண்ணின் கடமை. அடுப்பில் பால் பொங்கினாலும் அப்படியே விட்டுவிட்டு ஓட வேண்டும்.

சாந்துவாவின் தலைச்சன் பையன். குடிலில் பெற்றாள். ஏழாம் நாள் மத்தியானம் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. வெள்ளைக்கல் மறைந்தது. பிள்ளை பால் குடித்துவிட்டு வைக்கோலில் தூங்கிக்கொண்டிருந்தான். அப்போது வெளியே இரும்பு மோதும் சத்தம் கேட்டது. எட்டிப்பார்த்தாள். கல்லுக்குப் பக்கத்தில், பனிக்குள், இரண்டு ஆண்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். முகம் தெரியவில்லை. இவ்வளவு பக்கத்தில் ஆண்கள் எப்படி வந்தார்கள் என்று யோசிக்க நேரமில்லை. ஓடினாள். துணியை அவிழ்த்து நடுவே போட்டாள்.

சத்தம் நின்றது. இருவரும் பனிக்குள் பின்வாங்கிப் போனார்கள். துணி ஈரத்தரையில் விழுந்தபடியே கிடந்தது. தீட்டுக்காரியின் துணியைத் தொட வெட்கப்பட்டுப் போய்விட்டார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். தானே குனிந்து எடுத்துக்கொண்டு திரும்பினாள். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வைக்கோலில் பிள்ளை குளிர்ந்து கிடந்தான். வாய் திறந்திருந்தது. உதட்டில் பால் இன்னும் காயவில்லை.

குடிலில் நடந்ததை வெளியே பேசக் கூடாது என்பது விதி. நாற்பது நாள் தனியாகக் கிடந்து, பால் கட்டி, காய்ச்சல் கண்டு, அவள் வீடு திரும்பியபோது பாதியாகியிருந்தாள். ஊர் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தது. இடக்கையால் பிள்ளையைத் தூக்கினால் எப்படித் தங்குமாம்.

அடுத்த கோடையில் ஓடைக்கரையில் கம்பளி அலசும்போது நாத்தனாரிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். "போன வருஷம் நான் கீழ இருந்தப்போ ஊர்ல யாரோ சண்டை போட்டாங்களே, யாரது? காயம் ஏதும் பட்டுச்சா?"

"சண்டையா? என்னைக்கு?"

"கோயில் திருநாள் அன்னைக்கு. மத்தியானம்."

"என்ன மதனி உளர்றீங்க? அன்னைக்கு ஊர்ல ஒரு ஆம்பளகூட இல்லையே. தொட்டில் பிள்ளையைத் தவிர அத்தனை பேரும் மேல கோயில்லதான் கெடந்தாங்க. பீர்ப் பானை காலியாகாம எவன் எறங்குவான்?"

சாந்துவா கையிலிருந்த கம்பளியை ஓடை இழுத்துக்கொண்டு போனது. பக்கத்தில் அலசிக்கொண்டிருந்த மற்றப் பெண்களின் கையும் நின்றுவிட்டது.  கொல்லன் பெண்டாட்டிதான் முதலில் வாயைத் திறந்தாள். அவளும் இரண்டு வருஷத்துக்கு முன் அதே குடிலில் பிள்ளையை இழந்தவள்.

"ரெண்டு பேரா?" என்றாள்.

"ம்."

"மொகம் தெரிஞ்சுதா?"

"இல்ல."

"எனக்கும் தெரியல," என்று சொல்லிவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள். ஆறு வருஷத்தில் அந்தக் குடிலில் நான்கு பிள்ளைகள் போயிருந்தன. நான்கும் ஏழாம் நாள், நான்கும் மூடுபனியில். ஒவ்வொருத்தியும் தான் ஏதோ ஒரு சண்டையை நிறுத்தப் போன நேரத்தில் விதி பிள்ளையை எடுத்துக்கொண்டது என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். நம் ஊர்ப் பெண்ணைப் பிள்ளையிடமிருந்து பிரித்து வெளியே வரவைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. அந்த வழியைக் கண்டுபிடித்தது எதுவோ, அது நம்மை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தது.

சாந்துவா மறுபடி உண்டானாள். வயிறு தெரிய ஆரம்பித்ததிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. ஏழாம் மாதத்தில், களத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கதிர்க்கட்டைக் கீழே வைக்காமலே கேட்டான்.

"எனக்கு உங்க வாள் வேணும்," என்றாள் கடைசியில்.

கமிகேலா அவளை ஏறிட்டுப் பார்த்தான். அது அவன் அப்பாவின் வாள். எருதுத் தோல் சுற்றிய பிடி. ஒவ்வொரு திருநாளிலும் கோயில் வாசலில் உருவி, சாமிக்குக் காட்டி, உறையில் போடுகிற வாள்.

"அந்தக் குடிலுக்குள்ள போன இரும்பு திரும்பக் கோயில் வாசலை மிதிக்க முடியாது. தெரியுமில்ல?"

"வாளா மிதிக்கப் போகுது? நீங்கதானே மிதிக்கப் போறீங்க."

"வாள் இல்லாமப் போறவன் ஆம்பளையே இல்ல."

"மொதப் பிள்ளையைப் பொதச்சுட்டுக் கோயிலுக்குப் போனீங்களே, அப்ப ஆம்பளையாத்தான் இருந்தீங்களா?" என்று கேட்டுவிட்டாள்.  அதோடும் நிறுத்தவில்லை. "சாமி அந்தப் பக்கம் கண்ணத் திருப்பாதுன்னு சொல்றீங்க. பெரியவர் வர மாட்டாரு, நீங்க வர மாட்டீங்க. அப்ப அங்க காவல் யாரு? காவல் இல்லாத எடம்னு தெரிஞ்சுதான் அது வருது."

 அவன் கதிர்க்கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அவள் களத்திலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எழுந்து வேலையைப் பார்த்தாள்.

பெண் பிறந்தது. கறுத்த முடி, சிவந்த கை. சாந்துவா அதற்கு மனதுக்குள் தாரிகோ என்று பெயர் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து சொல்லாமல் இருந்தாள். தினமும் நனுக்கா வெள்ளைக்கல்லின் மேல் ரொட்டியும் நெய்யும் வைத்துவிட்டுத் தூரத்திலிருந்து குரல் கொடுப்பாள். "மதனி, தின்னு தொலைங்க! பிள்ளைக்குப் பால் வேணுமில்ல?" வாய்தான் அப்படி. நெய்யை உருண்டை உருண்டையாக வைத்திருப்பாள்.

ஆறாம் நாள் சாந்துவா போய்ப் பார்த்தபோது, ரொட்டிக்கு அடியில் வைக்கோல் சுற்றிய நீளமான ஒன்று இருந்தது. பிரித்தாள். எருதுத் தோல் பிடி. உறை இல்லை.

"நனுக்கா! இத நீயா வெச்ச?"

"எத? நான் ரொட்டி மட்டுந்தான் கொண்டாந்தேன்!" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

சாந்துவா அந்த வாளை எடுத்தாள். வலக்கையில் எடுத்தபோது மண்வெட்டி மாதிரி கனத்தது. இடக்கைக்கு மாற்றினாள். கனமே இல்லை. கையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் அவமானமாகத் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கை முதல்முறையாகத் தன் இடத்தில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. அப்படிப் பிடித்திருந்ததே அவளைப் பயமுறுத்தியது.

ஏழாம் நாள் காலையில் வெயில் நன்றாக அடித்தது. மத்தியானம் ஆற்றுச் சத்தம் நின்றது. பனி ஏறி வந்தது.

சாந்துவா வாசலில் உட்கார்ந்திருந்தாள். வாள் மடியில் கிடந்தது, பிள்ளை முதுகுக்குப் பின்னால் வைக்கோலில் கிடந்தது. வெள்ளைக்கல் மறைந்தது. பிறகு இரும்பு மோதியது. அதே இரண்டு உருவங்கள். அவள் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சாந்துவா!"

அது கமிகேலாவின் குரல்.

"சாந்துவா, என்னை வெட்டுறான்! வாளை உனக்குக் கொடுத்துட்டேன்னு வெட்டுறான்! துணியைப் போடு!"

 அவன் வாழ்நாளில் அவள் பெயரைச் சொன்னதே இல்லை. சொல்ல மாட்டானா என்று ஏங்கிய நாட்கள் உண்டு. சாகப்போகிறவன் வழக்கத்தைப் பார்ப்பானா? வாளைத் தீட்டுக் குடிலுக்குக் கொடுத்தவனை ஊரில் ஒருவன் வெட்ட வந்திருக்கலாம். அப்படி நடக்கக்கூடியதுதான். உண்மையாக இருந்தால் இந்த நிமிஷம் இவள் சும்மா உட்கார்ந்து அவனைச் சாகவிடுகிறாள்.

வாசற்படியை விட்டு நகரக் கூடாது. ஆனால் தெரிந்தாக வேண்டும். அவள் தலைத்துணியை அவிழ்த்தாள். அடுப்புக்கல் ஒன்றை அதில் முடிந்து, இருந்த இடத்திலிருந்தே வீசினாள். துணி பறந்துபோய் இருவருக்கும் சரியாக நடுவே விழுந்தது.

வாள்கள் நிற்கவில்லை. இரண்டு உருவமும் துணியை மிதித்தன. மிதித்துக்கொண்டே வெட்டிக்கொண்டன. பிறகு கைகள் வெட்டிக்கொண்டிருக்க, இரண்டு முகங்களும் மெதுவாக அவள் பக்கம் திரும்பின. இரண்டுமே கமிகேலாவின் முகம்.

மனிதர்கள் இல்லை என்று தெரிந்ததும் அவளுக்கு விசித்திரமான ஒரு நிம்மதி வந்தது. தன் ஆள் சாகவில்லை. அந்த நிம்மதியில்தான் அவள் காது திறந்தது. வாள்கள் அங்கே மோதிக்கொண்டிருந்தன. ஆனால் சத்தம் அங்கேயிருந்து வரவில்லை. அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினாள்.

கூரையின் புகைத்துளை வழியாகப் பனி இறங்கியிருந்தது. பிள்ளையின் மேல் ஒரு பெண் குனிந்திருந்தாள். குள்ளம். கொஞ்சம் கூன். தலையில் துணி கட்டியிருந்தாள். ஈரமும் சேறுமாக, இப்போதுதான் மிதிபட்ட துணி. சாந்துவா அதை வீசி மூன்று மூச்சுகூட ஆகவில்லை. அந்தப் பெண்ணின் வாயிலிருந்துதான் இரும்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. பல்லோடு பல் மோதுகிற சத்தம்.

சாந்துவாவின் இடது தோள் துடித்தது. கால் தானாக முன்னே போனது, வாள் தானாக உயர்ந்தது. கூரையில் உட்கார்ந்து பார்த்த வீச்சுகள் அத்தனையும் அந்தக் கையில் குடியிருந்தன. அவள்தான் அதுவரை கதவைத் திறக்காமல் வைத்திருந்தாள்.

அது நிமிர்ந்தது. அதற்குச் சாந்துவாவின் முகமே இருந்தது. அது வலக்கையால் தலைத்துணியை அவிழ்த்து, இருவருக்கும் நடுவே போட்டது.

சாந்துவாவின் கை நின்றுவிட்டது.

நம் மலையில் பிறந்த எவருக்கும் நிற்கும். பயத்தால் இல்லை, இரத்தத்தில் ஊறிய பழக்கம். வாள் பாதி வீச்சில் நின்று நடுங்கியது. அது சிரித்துக்கொண்டே மறுபடி குனிந்தது. பிள்ளை ஒருமுறை விக்கியது. மூச்சை இழுப்பது கேட்டது, விடுவது கேட்கவில்லை.

துணியைக் கண்டால் வாளை இறக்கு என்று நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே ஆண்பிள்ளைகளுக்குத் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுப்பார்கள். அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவளுக்குத் துணியைப் போடத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பெண் வாள் பிடிப்பாள் என்று நினைத்தே பார்க்காத மனிதர்கள் அவளுக்கென்று விதி எதுவும் வைக்கவில்லை. இந்தக் கையை எந்த விதியும் கட்டவில்லை. சின்ன வயதில் கட்டிய கம்பளி நூல்கூட எப்போதோ அறுந்து போயிற்று.

"அது என் துணிடி," என்றாள் சாந்துவா.

தாண்டினாள். வெட்டினாள்.

இரத்தம் இல்லை. ஈரக் கம்பளி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு நனைந்த சாம்பல் வாடை. தீட்டுப்படாத சுத்தமான வாளாக இருந்திருந்தால் அதை வெட்டியிருக்குமா என்று தெரியாது. அது இருக்கிற இடத்துக்குச் சுத்தமான வாள் வந்ததே இல்லை. வெளியே இரண்டு உருவங்களும் நடுவே பிளந்து கலைந்தன. வாளின் நுனி தரையில் கிடந்த துணியையும் சேர்த்து இரண்டாக்கியிருந்தது. தாரிகோ மூச்சை விட்டு, வீறிட்டு அழுதாள். சாந்துவா அவளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெயரை முதல்முறை சத்தமாகச் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அடுத்த திருநாளில் கமிகேலா வெறும் உறையை இடுப்பில் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனான். கோயில் பெரியவர் உதுர்கா எல்லோர் முன்னாலும் கேட்டார். "என்னப்பா, உறை இருக்கு, வாளைக் காணோம்?"

"வேலைக்குப் போயிருக்கு."

"எங்க?"

"நீங்க போகாத எடத்துக்கு."

ஆண்கள் சிரித்தார்கள். அவனை வரிசையின் கடைசியில் உட்காரவைத்தார்கள். பீர்க் கிண்ணம் அவனுக்குக் கடைசியாக வந்தது. அதற்குப் பிறகு அவன் சாகும்வரை அந்த இடம் மாறவில்லை, அவனும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாள் குடிலின் சுவருக்குப் போயிற்று.

சாந்துவாவும் ஒருவிதத்தில் குடிலோடு போய்விட்டாள். ஊரில் யார் பிள்ளை பெற்றாலும் ஏழாம் நாள் பக்கத்தில் அவள் இருந்தாக வேண்டும். போனால் அவளுக்கும் தீட்டு. வருஷத்தில் பாதி நாள் வெள்ளைக்கல்லுக்கு அப்பால்தான். அவள் தொட்ட பாலைக் கீழே கொட்டிவிடுவார்கள், அவள் உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். தலைத்துணியைத் தாண்டியவள் என்று பெண்களே கொஞ்சம் தள்ளித்தான் நின்றார்கள். வலி எடுத்தால் மட்டும் முதலில் அவளைத்தான் தேடினார்கள். சில ஏழாம் நாட்களில் பனி வந்தது. உள்ளே என்ன நடந்தது என்று பிள்ளை பெற்றவர்கள் சொல்வதில்லை. கொல்லன் பெண்டாட்டி ஒரே ஒரு தடவை சொன்னாள், "அந்த நேரத்துல அவ கை மட்டும் வேற யாரோட கையோ மாதிரி இருந்துச்சு. பாக்கப் பயமா இருந்துச்சு. ஆனா பக்கத்துல போய் ஒண்டிக்கணும்போலவும் இருந்துச்சு."

வெட்டுப்பட்ட துணியைச் சாந்துவா, குடித்துவிட்டு நிற்கிறதென்று நனுக்கா கேலி செய்த அதே சாய்ந்த தையலால் ஒட்டித் தைத்து, அதையே கட்டிக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு எந்தச் சண்டையிலும் அவள் துணி போட்டதில்லை. தாண்டியவள் போட்டால் செல்லுமா என்ற சந்தேகம் அவளுக்கு இருந்தது.

அவள் கீழே இருக்கும் நாட்களில் கமிகேலா சாயங்காலம் வெள்ளைக்கல்வரை வருவான். கூப்பிட மாட்டான், அந்தக் குரலைப் பனிக்குள் கேட்டபின் அவளுக்கு அது ஆகவில்லை என்று அவனுக்குத் தெரியும். இடுப்பிலிருந்த வெறும் உறையைக் கழற்றிக் கல்லில் மூன்று தட்டுத் தட்டுவான். உள்ளே ஒன்றுமில்லாத உறையின் சத்தம், டொக் டொக் டொக். இரும்பையே வாயில் வைத்திருக்கிற ஒன்றுக்கு அந்தச் சத்தம் வராது. அவள் உள்ளேயிருந்து வாளால் சுவரில் ஒரு தட்டுத் தட்டுவாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டது இப்படித்தான்.

அவன் ஒரு பனிக்காலத்தில் செத்துப்போனான். மற்ற ஆண்களுக்கெல்லாம் வாளைப் பக்கத்தில் வைத்துப் புதைப்பார்கள். அவனுக்கு உறையை வைத்தார்கள்.

ஏழு மாதம் கழித்துத் தாரிகோ தன் முதல் பிள்ளையைப் பெற்றாள். ஏழாம் நாள் மத்தியானம் ஆற்றுச் சத்தம் நின்றது. பனி கல்லை மூடியது. சாந்துவா வாளை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். இடக்கையில் இப்போதும் கனமில்லை. மற்ற உடம்புதான் கிழடாகியிருந்தது.

டொக் டொக் டொக்.

தாரிகோ பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "அம்மா... அப்பா தட்டுற மாதிரியே..."

"அப்பா செத்துட்டாரு, சும்மா இரு."

மறுபடியும் டொக் டொக் டொக். அவசரமில்லாமல், அவன் தட்டுகிற மாதிரியே.

முப்பது வருஷம் காது கொடுத்துக் கேட்டிருந்தால், பனிக்குள் வருகிற அது இதையும் கற்றுக்கொண்டிருக்கலாம். சாந்துவாவின் தோள் துடிக்கவில்லை. அது ஏன் துடிக்கவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. வயதாகிவிட்டதா? திரும்பிக் கூரையைப் பார்த்தாள். புகைத்துளையில் பனி இல்லை. மறுபடி தட்டும் சத்தம் கேட்டது. இந்தச் சத்தத்தை வைத்து அது ஏமாற்றினால் தாங்க முடியாது என்று இருந்தது அவளுக்கு. மற்ற எதை வைத்து ஏமாற்றினாலும் பரவாயில்லை.

வாளைத் தரையில் ஊன்றிக்கொண்டு தலைத்துணியை அவிழ்த்தாள். அடுப்புக்கல் ஒன்றை அதில் முடிந்தாள். செல்லுமோ செல்லாதோ என்று வீசினாள். பனிக்குள் அது விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

தட்டும் சத்தம் நின்றது.

சாந்துவா காத்திருந்தாள். எதுவும் துணியைத் தாண்டி வரவில்லை. பின்னால் பேரப்பிள்ளை பால் குடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"பொண்ணுதான் பொறந்திருக்கு," என்றாள் பனியைப் பார்த்து. "நல்லா இருக்கா. நான் பாத்துக்கிறேன், நீங்க போங்க." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, வாழ்நாளில் சொல்லாத பெயரைச் சொன்னாள். "கமிகேலா."

பனி விலகிய பிறகு தாரிகோ போய்த் துணியை எடுத்துவந்தாள். அது நான்காக மடித்து வெள்ளைக்கல்லின் மேல் வைக்கப்பட்டிருந்தது.